பணம் தடையே இல்லேன்னா, உங்க கனவுப் படகு எது?

 

கேள்வி விளையாட்டா தெரியும். ஆனா ஒருத்தர் மனசுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது. பணம் எவ்வளவு வேணும்னாலும் இருக்கு, ஒரு படகு செஞ்சுக்கலாம். எப்படிச் செய்வீங்க?

வாலாஜாபேட்டைக்காரங்ககிட்ட கேட்டா முதல்ல சிரிப்புதான் வரும். படகு சரி, தண்ணி எங்க? 1856-ல ராயபுரத்துல கிளம்பின தென்னிந்தியாவோட முதல் ரயில் வந்து நின்னது நம்ம வாலாஜா ரோடுலதான். ரயில் பார்த்த ஊர் நாம. படகு பார்த்த ஊர் இல்லை. வருஷத்துல பெரும்பாலான நாள் பாலாறுன்னா மணலும் முள்ளுச்செடியும்தான். 2021 நவம்பர்ல மட்டும் ஆறு தன் பேரைத் திரும்பக் கேட்டு வந்த மாதிரி வந்துச்சு. அணைக்கட்டுல ஒரு லட்சம் கன அடிக்கு மேல தண்ணி. அன்னைக்குப் படகு இருந்திருந்தாலும் யாரும் இறக்கியிருக்க மாட்டாங்க.

பணம் நிஜமாவே தடையில்லாத ஒருத்தர் கட்டின படகைப் பாருங்க. அமேசான் அதிபர் ஜெஃப் பெசோஸ் நெதர்லாந்துல 'கோரு'ன்னு ஒரு பாய்மரக் கப்பல் கட்டினார். சுமார் 127 மீட்டர் நீளம், மூணு பாய்மரம். அதுக்குத் துணையா கூடவே போக இன்னொரு கப்பல் வேற. பாய்மரம் அவ்வளவு உயரம்ங்கிறதால, அது கடலுக்குப் போக ராட்டர்டாம் நகரத்தோட பழைய இரும்புப் பாலத்தைக் கொஞ்சம் கழற்றணும்னு 2022-ல பேச்சு வந்துச்சு. செலவை நாங்களே ஏத்துக்கிறோம்னும் சொன்னாங்க. ஊர் ஜனங்க கொதிச்சுட்டாங்க. கப்பல் போனா அழுகின முட்டை வீசுவோம்னு கிளம்பிட்டாங்க. கடைசில பாய்மரம் மாட்டாமலே வேற வழியா இழுத்துட்டுப் போனாங்க.

அந்த மனுஷன் தப்பானவர்னு சொல்ல வரலை. எனக்கு உறுத்தறது அந்தப் பாலம். பணம் தடையா இல்லாம போனதும் எதிர்ல இருக்கிற எல்லாமே தடையாத் தெரிய ஆரம்பிக்குது.

இப்ப நம்ம ஆளு ஒருத்தர். இவரோட கனவும் கப்பல்தான். பணம்தான் இல்லை. வ.உ.சி. தூத்துக்குடி, கொழும்பு கடல்வழி முழுக்க வெள்ளைக்காரக் கம்பெனி கையில இருந்த காலம். 1906 அக்டோபர்ல சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செஞ்சார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. தலைவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பாண்டித்துரைத் தேவர். ஊர் ஊராப் போய்ப் பங்கு வித்தாங்க. 1907-ல கேலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் வந்து சேர்ந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் முதல் வகுப்புல 42 பேர், ரெண்டாம் வகுப்புல 24 பேர், சாதாரண வகுப்புல 1300 பேர் போகலாம். 4000 மூட்டைச் சரக்கும் ஏத்தலாம்.

அந்த 1300-ஐ கொஞ்ச நேரம் பாருங்க தம்பி தங்கைகளே. ஒரு மனுஷனோட கனவுக்குள்ள 1300 பேருக்கு இடம் இருந்திருக்கு.

அவர்கிட்ட கோடி கோடியா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? தனியாளா வாங்கியிருப்பார். பங்கு விக்க அலைஞ்சிருக்க வேண்டாம். கப்பல் வந்திருக்கும், ஆனா அது 'சிதம்பரம் பிள்ளை கப்பல்'. 25 ரூபாய் போட்டவன் துறைமுகத்துல நின்னு "அது என் கப்பல்"னு சொல்லியிருக்க முடியாது. இல்லாமைதான் அவரை அடுத்தவன் வாசல்ல கொண்டு போய் நிறுத்துச்சு. வாசல்ல போய்க் கேட்டதாலதான் அது ஊர்க் கப்பல் ஆச்சு.

உடனே "அப்ப ஏழ்மையே நல்லது, ஆசையை விடு"ன்னு ஒரு ஃபார்வர்டு போட்றாதீங்க. அந்தக் கம்பெனி விழுந்ததே எதிராளிகிட்ட பணம் அதிகமா இருந்ததாலயும், அரசாங்கம் அவன் பக்கம் நின்னதாலயும்தான். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக் குறைச்சான். வ.உ.சி. அரை ரூபாயாக் குறைச்சார். அவன் இலவசமாவே ஏறிக்கோ, கூட ஒரு குடையும் தர்றேன்னான். 1908 மார்ச்சுல வ.உ.சி. கைது. ஜூலையில ரெண்டு ஆயுள் தண்டனைன்னு தீர்ப்பு. அப்பீல்ல குறைஞ்சு 1912 கடைசியில வெளிய வந்தப்ப கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. கேலியாவை அந்தப் போட்டிக் கம்பெனிக்கே வித்துட்டாங்கன்னு கேட்டு அவர் நொந்த கதை பலருக்குத் தெரியும். சிறையில செக்கிழுத்த அந்த மனுஷன் கடைசிக் காலத்துல சிவஞான போதத்துக்கு உரை எழுதி 1935-ல வெளியிட்டார்ங்கிறது அவ்வளவாத் தெரியாது.

எனக்கு அந்தக் குடைதான் தொந்தரவு பண்ணுது. கொளுத்துற வெயில்ல தூத்துக்குடி துறைமுகத்துல நிக்கறீங்க. ஒரு பக்கம் நம்ம கப்பல், அரை ரூபாய். இன்னொரு பக்கம் இலவசம், கையில குடை. வீட்டுல நாலு பேர் பசியோட இருக்காங்க. எதுல ஏறுவீங்க? குடை வாங்கினவனைத் துரோகின்னு திட்ட எனக்கு மனசு வரலை. ஆனா ஆஃபர் பார்த்ததும் விரல் தானா அமுக்குற நமக்கு அந்தக் குடை ஒண்ணும் புதுசு இல்லை.

கந்த புராணத்துல பணம் தடையில்லாதவன்னா அது சூரபத்மன்தான். 1008 அண்டம், 108 யுகம் ஆட்சி. நினைச்ச இடத்துக்குப் போற இந்திரஞாலத் தேர் அவன்கிட்ட இருந்துச்சு. கடைசில என்ன ஆனான்? மயிலா வந்து சுமந்தான். எல்லா வாகனமும் வச்சிருந்தவனுக்கு முருகன் கொடுத்த கதி, தானே வாகனமா ஆகுறது. அதைத் தண்டனைன்னு நாம யாரும் சொல்றதில்லை, அருள்னுதான் சொல்றோம்.

நம்ம சாமி ஏறுற படகையும் பாருங்க. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணி போறவங்களுக்குத் தெரியும், சரவணப் பொய்கையில மூணு நாள் தெப்பம். அது எங்கயும் போறதில்லை. குளத்தைச் சுத்தி, ஏறின கரைக்கே வந்து சேருது. தண்ணி இல்லாத வருஷம் சில கோயில்கள்ல தெப்பத்தை நிறுத்தியே வச்சு 'நிலைத்தெப்பம்'னு கொண்டாடுவாங்க. படகு ஓடலை, சாமி ஏறி உக்கார்ந்துட்டார், ஜனம் கும்பிடுது. படகுன்னா ஒரு இடத்துக்குப் போகத்தான்னு நினைக்கிற நம்ம கணக்கு அங்க செல்லாது.

சரி, என் கனவுப் படகு என்னன்னு கேட்டா, ஒரு பரிசல். மூங்கில் பின்னி மேல தோல் போர்த்தினது. இப்ப ஒகேனக்கல்ல பிளாஸ்டிக் ஷீட் வந்துடுச்சு, முன்னாடி எல்லாம் மாட்டுத்தோல்தான். தோலுக்கு நம்ம பக்கம் பஞ்சமே இல்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு... எத்தனை வீட்டுல அடுப்பு எரியுறது தோல் ஷாப்பாலயும் ஷூ கம்பெனியாலயும். அதே தோலைப் பதப்படுத்தின கழிவுதான் பாலாத்தையும் கிணத்துத் தண்ணியையும் கெடுத்துச்சுன்னு 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதுச்சு. அன்னைக்கு ஒவ்வொரு தோல் பதனிடும் ஆலைக்கும் போட்ட மாசு அபராதம் பத்தாயிரம் ரூபாய். ஒரு ஆத்துக்கு அது விலையா? இல்ல, எவ்வளவு போட்டிருந்தா சரியா இருந்திருக்கும்? பணம் தடையே இல்லேன்னு வச்சுக்கிட்டாலும் எனக்குத் தொகை சொல்லத் தெரியலை.

படகு செய்யத் தோல் இருக்கு, மூங்கில் வாங்கிக்கலாம். மிதக்கத் தண்ணியைத்தான் வாங்க முடியாது. அதனால என் பரிசலையும் 25 ரூபாய் பங்காத்தான் விப்பேன். தோல் ஷாப்புல வேலை பார்க்கிற அண்ணன், காவேரிப்பாக்கம் ஏரித் தண்ணியை நம்பி நாத்து விடுற அக்கா, ஆலை வச்சிருக்கிற முதலாளி, எல்லாரும் ஆளுக்கு ஒரு பங்கு வாங்கணும். முதல் கூட்டத்தை அணைக்கட்டு மேல வைப்போம். மணலைப் பார்த்துக்கிட்டே பேசலாம்.

உங்க படகுல யார் யார் ஏறுவாங்க?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!