விளையாட்டுப் பொருள்களும் பால் பாகுபாடும்: கற்றலுரிமை குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

விளையாட்டு என்பது விருப்பத்தின்பாற்பட்ட செயல். டச்சு நாட்டுப் பண்பாட்டு வரலாற்றறிஞர் ஜோகன் ஹாய்சிங்கா, 1938இல் வெளியிட்ட ‘ஹோமோ லூடன்ஸ்’ என்னும் நூலில், விளையாட்டின் முதற்பண்பாக விடுதலையுணர்வையே சுட்டுகிறார். கட்டளைக்குப் பணிந்து ஆடப்படுவது விளையாட்டாகாது என்பது அவர் கருத்து. இவ்வரையறையை ஏற்பின் ஒரு வினா எழுகிறது. ஆண் குழந்தைக்கு இது, பெண் குழந்தைக்கு அது எனப் பிறர் வகுத்தளிக்கும் விளையாட்டு, விளையாட்டாகுமா? அன்றி வருங்காலக் கடமைக்கான பயிற்சியாகுமா? இவ்வினாவைப் பொம்மைகள், கணினி விளையாட்டுகள் ஆகிய இரண்டின் வழியாக ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிள்ளைத்தமிழ் காட்டும் பாகுபாடு

விளையாட்டைப் பால்வழிப் பகுத்தல் இன்றைய வணிகம் தோற்றுவித்த வழக்கமன்று. பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பத்துப் பருவங்களுள் முதல் ஏழும் இருபாலார்க்கும் பொதுவானவை. இறுதி மூன்றே வேறுபடுகின்றன. ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன உரியவை. பெண்பாற்குரியன பற்றிப் பாட்டியல் நூல்கள் சற்றே வேறுபடினும் கழங்கு, அம்மானை, நீராடல், ஊசல் முதலியன பெருவழக்காக உள்ளன. அதாவது, குழந்தை நடக்கவும் பேசவும் கற்று, தானே விளையாடத் தொடங்கும் நிலையில்தான் பாகுபாடும் தொடங்குகிறது.

இவற்றுள் சிற்றிற் பருவம் தனித்து நோக்கத்தக்கது. மணலில் வீடு கட்டுவோர் சிறுமியர். அதனைச் சிதைக்க வருபவன் பாட்டுடைத் தலைவன். சிதைக்க வேண்டாவென அவர்கள் இரந்து நிற்பதே அப்பருவத்தின் பொருள். கட்டுதல் பெண்ணின் செயலாகவும், அழித்தல் ஆணின் குறும்பாகவும் அமைய, அக்குறும்பே பாராட்டுக்குரியதாகிறது. குழந்தையின்பத்தைப் பாடும் இவ்விலக்கியத்தின் அழகு இதனால் குன்றுவதில்லை. எனினும், யாருடைய முயற்சி பாடுபொருளாகிறது, யாருடைய முயற்சி அதற்குப் பின்புலமாக நின்றுவிடுகிறது என்பது கருதத்தக்கது.

குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழிலும் அம்மானை, நீராடல், ஊசல் என்பனவே இறுதிப் பருவங்கள். ஆனால் அத்தலைவியோ, திருவிளையாடற் புராணத்தின்படி, படைக்கலப் பயிற்சி பெற்று முடிசூடித் திக்குவிசயம் செய்த தடாதகை. அரசாளும் கல்வி பெற்றவளுக்கும் விளையாட்டு என வரும்போது பெண்பாற்குரியதே அளிக்கப்படுகிறது. ஆற்றல் மாறினும் விளையாட்டின் எல்லை மாறவில்லை.

கற்றல் எனப் பெயர் பெறாத கற்றல்

பெண்பால் விளையாட்டுகள் அறிவு வளர்ச்சிக்கு உதவாதவை எனக் கொள்ளுதல் தவறாகும். பதினான்கு குழிகளில் காய்களைப் பகிர்ந்திடும் பல்லாங்குழி, எந்தக் குழியில் தொடங்கினால் எங்கு முடியும் என முன்கூட்டிக் கணிக்கும் திறனை வேண்டி நிற்பது. ஒன்றை மேலெறிந்து, அது விழுமுன் தரையிலுள்ளவற்றை வாரியெடுக்கும் கழங்காட்டத்தில் கண்ணும் கையும் காலக் கணிப்பும் ஒருங்கிணைகின்றன. ஆயினும் பல்லாங்குழி ஆடிய பெண்ணைக் கணக்கறிவுடையவள் என எவரும் மதிப்பிட்டதில்லை. அது பொழுதுபோக்கு எனப்பட்டது. எனவே குறைபாடு விளையாட்டில் இல்லை. அதில் விளையும் அறிவுக்குப் பெயரிட மறுத்த சமூக மதிப்பீட்டில் உள்ளது.

இம்மதிப்பீட்டின் மறுபக்கத்தை அமெரிக்க நிகழ்வொன்று விளக்கும். மாட்டெல் நிறுவனம் 1992இல் வெளியிட்ட பேசும் பார்பி பொம்மை, கணக்கு வகுப்பு கடினமானது என்னும் பொருளில் ஒரு தொடரைப் பேசியது. கண்டனம் எழவே அத்தொடர் நீக்கப்பட்டது. 1993இல் கலைஞர் குழுவொன்று பார்பியின் குரற்கருவியையும் ஜி.ஐ. ஜோ என்னும் போர்வீரப் பொம்மையின் குரற்கருவியையும் மாற்றிப் பொருத்திக் கடைகளிலேயே மீண்டும் வைத்தது. போர்வீரன் கடைக்குச் செல்வது பற்றியும் பார்பி பழிவாங்குதல் பற்றியும் பேசியபோதுதான், அதுகாறும் இயல்பெனக் கருதப்பட்டது வகுக்கப்பட்ட ஒன்று எனப் பலர்க்கும் புலனாயிற்று.

கணினி விளையாட்டும் அலமாரிப் பிரிவும்

வீடியோ கேம் என வழங்கும் கணினி விளையாட்டு தொடக்கத்திலேயே ஆண்களுக்கு உரியதாக அமைந்ததன்று. 1980இல் ஜப்பானில் வெளிவந்த பாக்-மேன் விளையாட்டை, பெண்களையும் ஈர்க்கும் நோக்கத்துடனேயே தோரு இவாதானி வடிவமைத்தார். 1982இல் புகழ்பெற்ற ரிவர் ரெய்டு விளையாட்டை உருவாக்கியவர் கரோல் ஷா என்னும் பெண். 1983இல் வட அமெரிக்காவில் இத்தொழில் பெருஞ்சரிவு கண்டது. அதன்பின் 1985இல் நிண்டெண்டோ நிறுவனம் தன் கருவியை அங்கு விளையாட்டுப் பொருளாக விற்க முற்பட்டது. பொம்மைக் கடைகளிலோ ஆண், பெண் என அலமாரிகள் முன்பே பிரிந்திருந்தன. கருவி ஆண்பால் அலமாரியைச் சேர்ந்தது. 1989இல் வந்த கையடக்கக் கருவிக்குக் ‘கேம் பாய்’ என்பதே பெயராயிற்று.

இதன் விளைவு விளையாட்டோடு நிற்கவில்லை. கணினியோடு விளையாடிப் பழகியவன் கணினிக் கல்விக்கு அச்சமின்றி வந்தான். ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு நூல், வீட்டுக் கணினி பெரும்பாலும் மகனின் அறையிலேயே வைக்கப்பட்டதைச் சுட்டுகிறது. அவர்கள் ஆய்ந்த கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், 1995இல் கணினி அறிவியலில் சேர்ந்தோருள் பெண்கள் 7 விழுக்காட்டினரே. முன்னனுபவத்தைத் தகுதியாகக் கொள்ளும் வழக்கம் தளர்த்தப்பட்டது உள்ளிட்ட மாற்றங்களுக்குப் பின், 2000இல் அவ்வளவு 42 விழுக்காடாயிற்று. ஐந்தாண்டுகளில் இயற்கை மாறுவதில்லை, வாயில்தான் திறக்கப்பட்டது.

வயதுவந்தோர் விளையாட்டு தரும் சான்று

குழந்தைப் பருவத்தில் மறுக்கப்பட்டது என்றென்றைக்கும் இழக்கப்பட்டதாகுமா? இவ்வினாவுக்கு, பொழுதுபோக்காக விளையாட்டை மேற்கொள்ளும் வயதுவந்தோரே சான்றாகின்றனர். டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் 10 மணி நேரம் அதிரடிக் கணினி விளையாட்டு ஆடினர். இடஞ்சார் கவனத்தில் ஆண் பெண் இடையே இருந்த வேறுபாடு ஏறத்தாழ மறைந்தது. பொருளை மனத்தில் சுழற்றிக் காணும் திறனிலும் இடைவெளி குறைந்தது. பங்கேற்றோர் சிலரே ஆதலின் இதனை இறுதி முடிவாகக் கொள்ளலாகாது. எனினும் பிறவிக் குறை எனக் கூறப்பட்டதன் ஒரு பகுதியேனும் பயிற்சிக் குறையே என்பதற்கு இது சான்றாகும்.

இந்தியச் சூழலில் அரவிந்த் குப்தாவின் பணி இங்கு எண்ணத்தக்கது. பொறியியல் கற்ற அவர், மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் 1978இல் பங்கேற்றார். தீக்குச்சிகளையும் மிதிவண்டி வால்வுக் குழாய்த் துண்டுகளையும் இணைத்து வடிவங்கள் அமைக்கும் முறையை உருவாக்கினார். முக்கோணம் குலையாது நிற்பதையும் சதுரம் சாய்வதையும் குழந்தை தன் கையாலேயே உணர்கிறது. தீக்குச்சிக்கு ஆண்பால் அலமாரியும் இல்லை; பெண்பால் அலமாரியும் இல்லை.

விருப்பமும் பொறுப்பும்

‘குழந்தை விரும்பியதையே வாங்கித் தந்தோம்’ என்பது பெற்றோர் பலரின் மறுமொழி. இம்மறுமொழி முற்றிலும் புறந்தள்ளத்தக்கதன்று. குழந்தையின் விருப்பம் மதிக்கப்பட வேண்டியதே. ஆனால் கண்ணில் படாத பொருளை விரும்புதல் அரிது. விரும்பியபின் ஏளனத்துக்கு ஆளாகும் பொருளைத் தொடர்ந்து விரும்புதல் அதனினும் அரிது. ஆதலின் விருப்பத்தை மதித்தல் என்பது, அவ்விருப்பம் உருவாகும் களத்தை விரிவாக்கும் பொறுப்பையும் உள்ளடக்கியதாகும்.

இப்பொறுப்பு சிறுமியர் அளவில் நிற்பதன்று. பொம்மையை உறங்கவைத்து, உணவூட்டி விளையாடும் குழந்தை, பிறருயிரைப் பேணும் பண்பை ஒத்திகை பார்க்கிறது. அதனைச் சிறுவனிடமிருந்து பறிப்பதும் கற்றல் மறுப்பே. பின்னாளில் அவன் பேணத் தெரியாதவனாக நிற்பதற்கு அவனை மட்டும் குறைகூறல் நேர்மையாகாது. அதேவேளை, சிறுமியின் கையிலுள்ள பொம்மையைப் பறித்துப் பொறியியல் பெட்டியைத் திணிப்பது பழைய கட்டளையைப் புதிய கட்டளையால் மாற்றுவதேயன்றி விடுதலையாகாது.

முடிவுரை

விளையாட்டுப் பொருளுக்குப் பால் இல்லை. அதனை அளிக்கும் கைக்கே பால் பற்றிய கருத்து உண்டு. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, தொடக்கநிலையில் விளையாட்டுவழிக் கற்றலை வலியுறுத்துகிறது. விளையாட்டே கல்வியாகும்போது, விளையாட்டைப் பகுத்தல் கல்வியைப் பகுத்தலாகிவிடும் என்பது உணரப்பட வேண்டும். சிறுதேர் உருட்டும் சிறுமியையும் சிற்றில் கட்டும் சிறுவனையும் எவரும் வியந்து நோக்காத நிலையே, விளையாட்டு உண்மையில் விளையாட்டாகும் நிலை எனலாம்.