அடிமுடி தேடலும் இழந்த திருத்தமும்

கிழக்கு நோக்கிய சிவாலயங்களில், கருவறையின் மேற்குப் புறச்சுவரில் அமைந்த இலிங்கோத்பவர் திருவுருவில், சிவனே ஆகிய நெருப்புத் தூணின் அடியில் பன்றியாய் நிலம் அகழும் திருமாலும், உச்சியருகே அன்னமாய்ப் பறக்கும் பிரமனும் செதுக்கப்பட்டிருப்பர். தம்முள் பெரியவர் யார் என்று வழக்கிட்டு, அத்தூணின் அடியையும் முடியையும் தேடிச் சென்ற இருவருள், அடியைக் காணாத திருமால் காணவில்லை என்றே திரும்பிவர, முடியைக் காணாத பிரமன் தாழம்பூவைப் பொய்ச்சாட்சியாக்கிக் கண்டதாக உரைத்தான் என்பது திருவண்ணாமலையின் தலபுராணம். சைவ எல்லப்ப நாவலரின் அருணாசலபுராணம் இதனைப் பாடுகிறது. காணாததைக் கண்டதாகச் சொல்வது குற்றம் என்றால், கண்டது மாறிப்போனதை அறியாமல் சொல்பவனின் நிலை என்ன என்ற கேள்வி இங்கே எழுகிறது.

பலர் கூடிப் பயன்படுத்தும் இணையச் செயலிகள் இக்கேள்வியை நாள்தோறும் எழுப்புகின்றன. கோயில் அலுவலகத்தில் இரு எழுத்தர்கள் ஒரே உபயதாரரின் பதிவை ஒரே நேரத்தில் திறந்து, ஒருவர் முகவரியைத் திருத்திச் சேமித்தபின், மற்றவர் அர்ச்சனைக்குரிய நட்சத்திரத்தை மட்டும் திருத்தித் தம் திரையிலுள்ள படிவம் முழுவதையும் சேமித்தால், பழைய முகவரியே மீண்டும் ஏறிவிடும். 'இழந்த திருத்தம்' எனப்படும் இப்பிழையில் எவரும் பொய் சொல்லவில்லை. பிரமன் அறிந்தே செய்ததை, இங்கே நேர்மையான ஓர் ஊழியரைக் கொண்டு அவர் அறியாமலே செய்விக்கிறது நிரல். ஆகவே பொறுப்பு நிரலை எழுதியவரையே சேரும்.

முதலில் திறந்தவர் முடிக்கும்வரை பதிவைப் பிறர் திருத்தவிடாமல் பூட்டிவைப்பது ஒரு வழி. ஆனால் அவர் பக்கத்தை மூடாமல் மதிய உணவுக்கு எழுந்து போனால் மற்றவர் காத்துக்கிடக்க நேர்வதால், பூட்டுக்குக் காலவரம்பு விதிக்க வேண்டியிருக்கிறது. மற்றொன்று, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பதிப்பு எண் கொடுத்து, திறந்தபோது இருந்த எண்ணே சேமிக்கும்போதும் இருந்தால் மட்டும் திருத்தத்தை ஏற்று எண்ணை ஒன்று கூட்டுவது; சரிபார்ப்பும் எழுத்தும் இடையில் எவரும் புக முடியாத ஒரே செயலாக நடந்தாலன்றி இம்முறை பயன் தராது. 'ஆப்டிமிஸ்டிக் லாக்கிங்' எனப்படும் இதுவே அறநோக்கில் மேலானது. ஏனெனில், தாம் கண்டது இன்னும் அப்படியே இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் கேட்ட பிறகே அவர் சொல்லை அது ஏற்கிறது.

எனினும் மறுப்பதோடு நிரலின் கடமை தீராது. மறுக்கப்பட்டவர் தட்டெழுதியதை அழியாமல் காத்து, இடையில் மாறியதை அதனருகே வைத்துக் காட்ட வேண்டும். ஒருவர் முகவரியையும் மற்றவர் நட்சத்திரத்தையும் மாற்றியிருந்தால் இரண்டையும் இணைத்துவிடலாம். நட்சத்திரத்தையே ஒருவர் ரோகிணி என்றும் மற்றவர் மகம் என்றும் மாற்றியிருந்தால், உபயதாரரின் வீட்டாரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.