குனியும் முதுகு யாருடையது?



ஐப்பசியில் இரண்டு மழை விழுந்தால் போதும், மதுரைச் சீமையில் வெறுந்தரை என்று ஒன்று இராது. மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து நஞ்சையானாலும், திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசலானாலும், நகரத்துக்குள் நாலு சென்ட் காலி மனையானாலும் ஒரு வாரத்தில் பச்சை மூடிவிடும். அந்தப் பச்சையில் பாதி கோரையும் அருகும். மீதி பார்த்தீனியம், நெருஞ்சி, சாரணை. நடுநடுவே கீழாநெல்லி, மூக்கிரட்டை, குப்பைமேனி.

ஒரு நிழல் தாங்கலுக்குப் பின்னால் சிறு தோட்டம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். துளசி, வாழை, இரண்டு தென்னங்கன்று, அன்னதர்மத்துக்கு ஆகும் கத்தரியும் வெண்டையும். மழைக்குப் பிறகு அங்கே களை மண்டிவிட்டது. தமிழ் மாத முதல் ஞாயிறு காலையில் பணிவிடைக்கு வரச் சொல்லி அனுப்புகிறார்கள். இருபது பேர் வருகிறார்கள். எட்டுப் பேர் குனிகிறார்கள். மூன்று பேர் வரப்பில் நின்று, இங்கே பிடுங்கு, அங்கே பிடுங்கு என்று சொல்கிறார்கள். சிலர் செல்போனில் படம் எடுக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் வெயில் ஏறுகிறது, பாதித் தோட்டம் கிடக்கிறது. அப்போது யாரோ ஒருவர் சொல்கிறார்: “அந்தத் தெருக்கோடிப் பாட்டியைக் கூப்பிடுங்க. களையெடுத்துப் பழகின கை. அய்யாவுக்குச் செய்யிற வேலைதானே, கூலி எதுக்கு?”

கெட்ட எண்ணத்தில் வரும் சொல் அல்ல இது. பல பதிகளிலும் தாங்கல்களிலும் வெள்ளையடிக்கும்போதும், பாத்திரம் கழுவும்போதும், பந்தல் போடும்போதும் சாதாரணமாகக் காதில் விழும் சொல்தான். ஆனாலும் அது ஒரு பெரிய கேள்வியைத் திறந்து வைக்கிறது. பணிவிடை எது, ஊழியம் எது? இரண்டிலும் கூலி இல்லை. இரண்டிலும் முதுகு குனிகிறது. பிறகு வேறுபாடு எங்கே இருக்கிறது?

ஊழியம் என்ற சொல்லின் கனம் அய்யா வைகுண்டர் அவதரித்த காலத்தை நினைத்தால்தான் விளங்கும். கொல்லம் ஆண்டு 1008, அதாவது 1833ஆம் ஆண்டு, மாசி 20 அன்று திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா எழுந்தருளினார். அன்றைய திருவிதாங்கூரில் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் அரசுக்கும் ஆதிக்கக்காரர்களுக்கும் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். சுமை சுமக்க வேண்டும், ஓலை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். போகமாட்டேன் என்று சொல்ல வாய் கிடையாது. சொந்த வயலில் பயிர் வாடிக் கிடந்தாலும் அழைத்த இடத்துக்கு ஓட வேண்டும். இதோடு வரிகள் வேறு. இடுப்பில் குடம் வைக்கக் கூடாது, பெண்கள் மார்பை மறைத்துச் சேலை உடுத்தக் கூடாது, ஆண்கள் தலையில் துணி கட்டக் கூடாது என்ற தடைகள் வேறு. வரியையும் ஊழியத்தையும் கண்டித்து அய்யா பேசினார். அரசன் பிடித்துச் சிறையில் அடைத்தபோதும் அந்தப் பேச்சு மாறவில்லை. ஏழையின் உழைப்பைக் கூலியின்றிப் பறிப்பதைக் கலியின் வேலையாகவே அவர் மக்களுக்குக் காட்டினார்.

அப்படிப்பட்ட அய்யாவின் பெயரைச் சொல்லி ஓர் ஏழைப் பாட்டியைக் கூலியில்லாமல் வேலைக்கு அழைக்கலாமா? அவர் எதை ஒழிக்க வந்தாரோ அதையே அவர் வாசலில் நட்டு வைப்பதாக ஆகாதா?

“பாட்டியும் அன்புக்கொடிதானே, மனமுவந்து செய்வாளே” என்று பதில் வரலாம். வாஸ்தவம். மனமுவந்து செய்தால் அது மேலான பணிவிடை. ஆனால் மனமுவந்ததா என்று எப்படி அறிவது? அதற்கு ஒரு சோதனை உண்டு. அந்தப் பாட்டியால் “இன்னைக்கு முடியாது” என்று கூச்சமும் பயமும் இல்லாமல் சொல்ல முடியுமா? சொன்னால் நாளைக்கு அவளைப் பார்க்கிற பார்வை மாறாமல் இருக்குமா? அன்னதர்மப் பந்தியில் அவளுக்கு விழும் அகப்பை குறையாமல் இருக்குமா? வரமாட்டேன் என்று சொல்லக்கூடியவர் வந்து செய்வதுதான் பணிவிடை. அப்படிச் சொல்ல முடியாதவர் சிரித்த முகத்தோடு செய்தாலும் அது ஊழியம்.

இரண்டாவது சோதனை அழைத்தவருக்கு உரியது. அழைத்தவர் தாமும் குனிகிறாரா? வரப்பில் நின்று கை காட்டுகிறவரும் மண்ணில் குந்தியிருக்கிறவரும் ஒரே பணிவிடையைச் செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. மதுரை வட்டாரத்தில் களையெடுப்பு பெரும்பாலும் பெண்களின் வேலை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையாக இறங்கினால், உச்சி வெயில் வரை முதுகு நிமிராது. நெல்லோ பருத்தியோ, முதல் நாற்பது நாளைக்குள் களை போகாவிட்டால் பயிர் தேறாது. அவ்வளவு தேவையான வேலைக்கு மதிப்பு மட்டும் எப்போதும் கடைசி வரிசையில்தான். குனிந்து செய்கிற வேலை தாழ்ந்த வேலை என்று மனிதன் எண்ணிக்கொண்டதே காரணம்.

மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வெளியூர்க் கதை தேவையில்லை. பிட்டுக்கு மண் சுமந்த கதை இந்த மண்ணின் கதை. வைகையில் வெள்ளம் வந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட்டான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆள் இல்லை. ஆள் இல்லை என்று சொன்னாலும் அரசாங்கம் கேட்காது. ஈசனே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு, கூடையைத் தலையில் வைத்தார். வேலை நடக்கவில்லை என்று பிரம்படி விழுந்தபோது அந்த அடி அரசன் முதுகிலும், நின்றவர், நடந்தவர், எல்லா உயிர்களின் முதுகிலும் விழுந்தது. ஆவணி மூலத்தில் இன்றும் மதுரைப் புட்டுத்தோப்பில் அந்தத் திருவிழா நடக்கிறது.

அந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் கடந்து போகிற இடம் ஒன்று உண்டு. ஈசன் கூலி கேட்டார். சும்மா செய்கிறேன் என்று சொல்லவில்லை. கூலி வாங்குவது இழிவானால் ஈசன் கை நீட்டியிருப்பாரா? உழைப்பவர் கூலி கேட்டால் அவருக்குப் பக்தி குறைவு என்று நினைக்கிறவர்கள் இந்த உதிர்ந்த பிட்டை நினைத்துக்கொள்ள வேண்டும். இயலாத கிழவியின் பங்கை வேறொரு தோள் சுமந்தது என்பதையும் மறக்கக் கூடாது. பொது வேலை என்றால் எல்லாரும் ஒரே அளவு செய்வது என்று பொருளல்ல. முழங்கால் வலிக்காரரின் பாத்தியையும் சேர்த்து இளவட்டம் பறிக்கலாம். வயிற்றுப்பிள்ளைக்காரி நிழலில் உட்கார்ந்து துளசி ஆயலாம். அதில் குறைவில்லை. இயலாமை வேறு, அந்தஸ்து வேறு. இடுப்பு வலியால் குனியாதவரைத் தாங்க வேண்டும். சட்டை கசங்கும் என்று குனியாதவரை யார் தாங்குவது?

ஊர் கூடிச் செய்யும் வேலைக்குத் தமிழ்நாட்டில் குடிமராமத்து என்று பழைய பெயர் உண்டு. கண்மாய்க் கரையை உயர்த்துவதும், மடையைச் சீர்செய்வதும், வாய்க்காலில் மண்டியதை வெட்டுவதும் ஊராரின் கடமை. நல்ல வழக்கம்தான். ஆனால் கரைமேல் நின்று ஏவியவர் ஒருவர், சேற்றில் இறங்கியவர் இன்னொருவர் என்று பல ஊர்களில் அது மாறிப்போனது. பிறகு 1858இல் சென்னை மாகாணத்தில் வெள்ளைக்காரர் அரசு கட்டாய உழைப்புக்கென்று ஒரு சட்டமே கொண்டுவந்தது. அன்பால் நடக்க வேண்டியது தண்டத்துக்குப் பயந்து நடந்தது. அப்படி நடந்தது எதுவும் நிலைக்கவில்லை. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தை மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

அதே 2017இன் தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்து, தென் மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்றும் வேலை மும்முரமாக நடந்தது. ஏப்ரலில் இடைக்காலத் தடை வந்ததும் வேகம் தணிந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் அது. மேலே வெட்டினால் அடியில் தழையும். ஆடும் மாடும் அதன் நெற்றைத் தின்றுவிட்டு, போகிற இடமெல்லாம் விதைத்துவிடும். ஒரு வருடம் வேரோடு தோண்டினாலும் அடுத்த வருடம் முளைத்த கன்றைப் பிடுங்க மறுபடியும் ஆள் வர வேண்டும். உத்தரவுக்கு வந்த கை உத்தரவு நின்றதும் நின்றுவிடும். தானாக வந்த கைதான் மறு வருடமும் வரும். களை என்பது ஒருநாள் வேலை அல்ல என்பதால், கட்டாயத்தால் அதை ஒருநாளும் முடிக்க முடியாது.

ஆகவே வராதவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பதும், அபராதம் போடுவதும் பணிவிடைக்கு ஆகாது. வந்தவர்கள் சந்தோஷமாக வேலை செய்தால் அதைப் பார்த்து மற்றவர்கள் வருவார்கள். வராவிட்டால் வரும்வரை காத்திருப்பதுதான் வழி. பொறுமையைத்தானே அய்யா மக்களுக்கு ஆயுதமாகக் கொடுத்தார்.

அய்யா காட்டிய முறையையும் நினைத்துப் பார்க்கலாம். முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒரே நீரில் குளித்தார்கள். வாகைப்பதியில் துவையல் தவசு இருந்த எழுநூறு குடும்பங்களும் தத்தம் துணியைத் தாமே துவைத்தார்கள், தாமே சமைத்தார்கள், பச்சரிசியும் சிறுபயறும் சேர்ந்த ஒரே அன்னத்தை ஒன்றாக உண்டார்கள். துவைக்க ஒரு கூட்டம், உடுத்த ஒரு கூட்டம் என்று அங்கே இல்லை. சமம் என்பதை அய்யா பந்தியில் மட்டும் வைக்கவில்லை, வேலையிலும் வைத்தார். உண்ணும்போது சமமாக உட்கார்ந்து, பாத்திரம் கழுவும்போது மட்டும் ஆள் தேடினால் அந்தச் சமம் பாதிச் சமம்தான்.

தலைப்பாகையும் இதைத்தான் சொல்கிறது. தலையில் துணி கட்டக் கூடாது என்றிருந்த மக்களை, தலைப்பாகை கட்டி நின்று வணங்கச் சொன்னார் அய்யா. எந்த மனிதனுக்கு முன்னாலும் கூனிக் குறுக வேண்டியதில்லை என்பது அதன் பொருள். அந்தத் தலையோடு மண்ணில் குனிந்தால் மரியாதை குறையுமா? குறையாது. மனிதனுக்குப் பயந்து குனிவதுதான் தாழ்வு. மண்ணுக்குக் குனிவது பிள்ளையைத் தூக்கத் தாய் குனிவது போல. காலையில் தலைப்பாகையாக இருந்த துணியே தோட்டத்தில் வேர்வை துடைக்கட்டும். இரண்டும் ஒரே துணிதான், இரண்டும் ஒரே மானம்தான்.

இன்னும் ஒன்று. களை என்று பிறந்த செடி எதுவும் இல்லை. கத்தரிப் பாத்தியில் நிற்பதால் கீழாநெல்லி களை. மஞ்சள் காமாலை வந்த வீட்டில் அதுவே மருந்து. பருப்புக்கீரையைப் பிடுங்கி எறிகிற தோட்டமும் உண்டு, அதைப் பறித்துக் கடைந்து உண்ணும் வீடும் உண்டு. இருக்கும் இடத்தை வைத்து மனிதன் சூட்டிய பெயர் அது. ஒரு காலத்தில் மனிதர்களையே பிறப்பை வைத்துக் களை என்று ஒதுக்கினார்கள். அவர்களைத்தான் அய்யா தம் மக்கள் என்று சேர்த்துக்கொண்டார். அதனால் கையில் களைவெட்டி இருக்கும்போதும் அன்புக்கொடி மக்களின் வாயில் “அவன் ஒரு களை” என்ற சொல் வரக் கூடாது. களையெடுக்க வேண்டியது மனிதரை அல்ல, மனிதருக்குள் இருப்பதை.

அது கோரையைப் போன்றது. மேலே பார்த்தால் ஒரு பிடிப் புல். இழுத்தால் கையோடு வந்துவிடும், வேலை முடிந்தது போல இருக்கும். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு மணிமணியாகக் கோத்துக் கிடக்கும். எட்டாம் நாள் மறுபடி தலை நீட்டும். “நான் செய்தேன்”, “நான் சொன்னேன்”, “என் படம் வந்ததா” என்பவை அந்தக் கிழங்குகள். களைக்கொத்தியை ஆழ விட்டு, ஈரம் இருக்கும்போதே, பொறுமையாக ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். தோட்டத்தில் குந்தி உட்கார்ந்து பழகியவருக்கு அது கொஞ்சம் எளிது.

பாட்டியின் விஷயத்துக்கு வருவோம். அவளைக் கூப்பிடலாம், தவறில்லை. அவள் பணிவிடைக்கு வருகிறேன் என்றால் எல்லாரோடும் சேர்ந்து, எல்லாரும் குனியும் அதே பாத்தியில் அவளும் உட்காரட்டும். கோரைக்கு எவ்வளவு ஆழம் விட வேண்டும், பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் எப்படிப் பிடுங்க வேண்டும், அரிப்பு வராமல் கையில் என்ன சுற்ற வேண்டும் என்று அவள் சொல்லித் தரட்டும். அன்றைக்கு அவள்தான் ஆசான். அவள் கூலிக்கு வருகிறேன் என்றால், வயலில் என்ன கூலியோ அதை ஒரு ரூபாய் குறையாமல், வெயில் சாயும் முன் அவள் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் கூப்பிடக் கூடாது. மீதிப் பாதித் தோட்டத்தை வரப்பில் நின்ற மூவரும், படம் எடுத்தவர்களும் குனிந்து முடிக்கலாம். தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்றால், அவர் முதுகின்மேல் ஏறி நின்று தர்மம் செய்ய முடியாது.

வேலை முடிந்து கை கால் கழுவி, எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது ஒவ்வொருவரும் தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்ளட்டும். எல்லாக் கையிலும் மண் ஏறியிருந்தால் அந்தத் தோட்டத்தில் அன்று பணிவிடை நடந்தது.

அய்யா உண்டு.