லயத்துக் கதவுக்கு உள்ளே

கண்டியிலிருந்து கம்பளைக்குப் போகிற பாதையில் பேராதனைக்கு அடுத்து வருவது கெலிஓயா. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கடைத்தெருவில் சாமான் வாங்கும் சிறிய நகரம். இலங்கையின் பெருந்தோட்ட வரலாறு தொடங்கிய இடங்கள் இதன் அக்கம்பக்கத்தில்தான் இருக்கின்றன. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்ட சிங்ஹாபிட்டிய கம்பளையில் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட லூல்கந்துர கலஹாவுக்கு அப்பால் மலையில் இருக்கிறது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். தேயிலை அப்படி விடவில்லை. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். கிள்ளக் கை வேண்டும். அந்தக் கைக்குக் கூலியும் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே பெண்களும் குடும்பங்களும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் நிலையாகக் குடியேற்றப்பட்டார்கள். பெண்ணின் மலிவான உழைப்பின் மேல் எழுந்த இந்தத் தொழிலைப் பற்றிய இலக்கியம், அந்தப் பெண்ணை எவ்வளவு தூரம் பார்த்தது? மலையக இலக்கியம் தோட்டத்தை ஆளும் துரையை எதிர்த்து எழுதியதில் குறை வைக்கவில்லை. ஆனால் ஒடுக்கப்பட்டவர்களின் வீட்டுக்குள் யார் யாரை ஒடுக்குகிறார் என்று கேட்கும்போதுதான் அதிகாரம் பற்றிய இலக்கியத்தின் உண்மையான சோதனை தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

முதலில், இந்த இலக்கியம் செய்ததைச் சரியாக மதிக்க வேண்டும். புதுமைப்பித்தன் 1935இல் 'மணிக்கொடி'யில் எழுதிய 'துன்பக்கேணி', ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த மருதியைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறது. ஊரில் அவளை நசுக்கியவை சாதியும் நிலமும். தோட்டத்தில் நசுக்குவது நிர்வாகியின் காமம். கடல் தாண்டியும் அதிகாரம் ஆளைத்தான் மாற்றிக்கொள்கிறது. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். இந்தியத் தொழிலாளரின் நிலையைச் சொல்லும் பாடல்களை 1940இல் புத்தகமாகவும் அச்சிட்டார். சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவர்களாக்கியது. அந்த மக்களின் கதையை அவர் வாழ்நாள் முழுவதும் எழுதினார். 1964இல் வெளியான கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', ஒரு பெண்ணின் வாழ்க்கை வழியாகவே தோட்டத்தின் கதையைச் சொன்னது. சட்டப் புத்தகங்களும் கம்பனிக் கணக்குகளும் சொல்லாததை இவர்கள் சொன்னார்கள்.

இருந்தும் பெரும்பாலான கதைகளில் ஒரு எல்லை தெரிகிறது. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் துரை திட்டுவது வருகிறது, கொழுந்து நிறுக்கும் இடத்தில் எடையை வெட்டுவது வருகிறது, கங்காணியின் கெடுபிடி வருகிறது. வேலை முடிந்து கூடையை இறக்கியதும் கதையும் முடிந்துவிடுகிறது. ஆனால் அவளுடைய நாள் அங்கே முடிவதில்லை. விடிவதற்கு முன் அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டு, மலைக்குப் போய்ப் நாட்சம்பளத்துக்குப் பேர் விழும் அளவுக்குக் கொழுந்தெடுத்துத் திரும்பியவளுக்குத் தண்ணீரும் விறகும் சமையலும் காத்திருக்கின்றன. 1984 வேலைநிறுத்தத்தின் பின்னரே தோட்டத்தில் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்றானது. அதற்கு முன்பு மட்டுமல்ல, பின்பும் அவள் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ போய் வாங்குவது பல தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. வேலைநிறுத்தம் கூலியைச் சமமாக்கியது. அதை வாங்கும் கையைப் பற்றி அது பேசவில்லை. அந்தக் கையைக் காட்டியிருக்க வேண்டியது இலக்கியம். நம் கவிதைகளிலோ அவள் விரல்களும் கூடையும் மழையில் நனைந்த உருவமுமாகவே அதிகம் வந்தாள். தேயிலைப் பெட்டியில் அவள் சிரிக்கிறாள், கவிதையில் அழுகிறாள். இரண்டிலும் அவளுக்கென்று ஒரு யோசனை இல்லை.

பெண்கள் தாமே எழுதத் தொடங்கியபோது இந்த எல்லை உடைந்தது. 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' ஈழத்துப் பெண் கவிஞர்களை ஒன்றாக நிறுத்தியது. மலையகப் பெண்களின் கவிதைகளைத் தொகுத்து, பெண்கள் இணைய இதழான 'ஊடறு' 2007இல் 'இசை பிழியப்பட்ட வீணை'யைக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் நடுவே இருபது ஆண்டுகள் கடந்ததற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. படிப்பும் ஓய்வும் தனியறையும் இல்லாத இடத்தில் எழுத்து தாமதமாகத்தான் வரும். ஏற்றத்தாழ்வு கதைக்குப் பொருளாவது மட்டுமல்ல. யார் கதை எழுதலாம் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. ஆனாலும் தோட்டத்துப் பெண் அதுவரை வாய்மூடி இருக்கவில்லை. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அதை இலக்கியமென்று ஏற்கத்தான் நமக்கு நாளானது.

வீட்டுக்குள் இருக்கும் அதிகாரத்தையும் எழுத வேண்டும் என்பதற்கு முதல் மறுப்பு தொழிற்சங்கப் பக்கத்திலிருந்து வரும். துரையோடும் அரசோடும் மோதுகிற நேரத்தில் வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவந்தால் ஒற்றுமை குலையும்; தோட்டத்து ஆண்களைக் குடிகாரர்கள் என்று ஏசுகிறவர்களுக்கு அவல் கிடைத்ததுபோல் ஆகும் என்பார்கள். இந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது. அந்த ஏச்சில் இனக்காழ்ப்பும் சாதித் திமிரும் கலந்தே இருக்கின்றன. ஆனால் ஏச்சு எல்லாரையும் ஒரே சாயத்தில் முக்குகிறது. நல்ல கதை ஒருவனைத் தனியே நிறுத்திப் பார்க்கிறது. காலையில் பிரட்டில் அவமானப்பட்டவன் மாலையில் தனக்குக் கீழே ஒரு ஆளைத் தேடுவதை அது காட்டும். காரணத்தைக் காட்டிவிட்டு அவனை மன்னித்தும் விடாது. ஒற்றுமை பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். 1940 ஜனவரியில் முல்லோயாவில் பொலிஸ் சூட்டில் இறந்த தோட்டத் தொழிலாளி கோவிந்தன் தொடக்கம், தியாகிகளாக நாம் நினைவுகூரும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. சந்தாக் கட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், தலைமை ஆண்களிடம். ஒரு பாதியின் வாயை மூடி வைத்துவிட்டுப் பேசுகிற ஒற்றுமை யாருடையது?

இரண்டாவது மறுப்பு கலையின் பேரால் வரும்: இப்படிக் கணக்குப் பார்த்தால் கதை பிரசாரமாகிவிடாதா? ஆகலாம். ஆண் என்றால் கொடியவன், பெண் என்றால் பலியாடு என்று வகுத்துக்கொண்டு எழுதினால் நிச்சயம் ஆகும். ஏனென்றால் வாழ்க்கை அப்படி இல்லை. மருமகளை வதைக்கும் மாமியாரும் பெண்தான்; மனைவிக்காகக் கங்காணியோடு மல்லுக்கு நின்று வேலை இழந்தவனும் ஆண்தான். இந்தச் சிக்கலை விட்டுவிட்டால் கலை மட்டுமல்ல, உண்மையும் போய்விடும். மூன்றாவதாக, கதையால் கூலி உயர்ந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை, 1984இல் கூலியைச் சமமாக்கியது வேலைநிறுத்தம். ஆனால் சம்பளத்தை வாங்கும் கை, சாப்பாட்டில் கடைசியாக உட்காரும் ஆள், பள்ளிக்கூடத்திலிருந்து முதலில் நிறுத்தப்படும் பிள்ளை என்று எந்தக் கோரிக்கைப் பட்டியலிலும் ஏறாத அநியாயங்கள் இருக்கின்றன. இவை இயற்கை அல்ல, ஏற்பாடு என்று முதலில் யாராவது சொல்ல வேண்டும். அதைக் கதை சொல்லும்.

ஆகவே மலையகக் கதையைப் பாடமாக நடத்துகிற ஆசிரியர்களும், வாசிகசாலைக்குப் புத்தகம் தெரிவு செய்கிறவர்களும், பரிசுக்குக் கதை பொறுக்குகிற நடுவர்களும் வழக்கமான கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளட்டும்: சம்பள நாளன்று இந்தக் கதையில் காசு யார் கைக்குப் போகிறது? அதற்கு விடை தெரியாத கதை, தோட்டத்தின் கதையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறது.