காரியின் வீரன் யாருக்குச் சொந்தம்?

ஆடி வந்தால் எங்கள் கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு விழா எடுப்போம். ஓரியைக் கொன்ற காரியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள். எனக்கோ அவனைப் பற்றித்தான் யோசனை ஓடும். மலையமான் திருமுடிக்காரி, துணைக்குக் கூப்பிடும் வேந்தர்களுக்காகப் படையோடு போய்ப் போரிட்டவன். ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு. இன்றைய பாஷையில் சொன்னால், காரி நடத்தியது ஒரு கன்சல்டிங் கம்பெனி. சேரன் அவனுடைய கிளையன்ட்.

போர் முடிந்ததும் காரியின் வீரன் ஒருத்தன், "நான் சேரன்கிட்டயே இருந்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தால்? அவனுடைய வில்வித்தை யார் சொத்து?

எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஐடி வேலைக்குப் போன பிள்ளைகள் இதையேதான் வேறு மாதிரி கேட்கிறார்கள். "அண்ணே, மூணு வருஷமா கிளையன்ட் ஆபீஸ்லதான் உட்கார்ந்திருக்கேன். அவங்களே வேலைக்குக் கூப்பிடுறாங்க. போனா கேஸ் போடுவாங்களா?"

சட்டம் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் முறையான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஆகவே வேலையை விட்ட பிறகு "அங்கே சேரக்கூடாது" என்று கட்டிப்போடுவது கடினம். வேலையில் இருக்கும் காலத்துக்கு நியாயம் வேறு. ஐந்து வருட ஒப்பந்தத்தின் நடுவில் போட்டி நிறுவனத்துக்குப் போன கோலிகரிக்கு விதித்த தடையை 1967இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மூன்று வருடம் முடியுமுன் போனால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையும் 2025இல் செல்லும் என்றானது.

ஆனால் உண்மையான முடிச்சு நாம் கையெழுத்துப் போட்ட தாளில் இல்லை. பெக்மன் கோல்ட்டர் நிறுவனத்தின் கருவிகளை இந்தியாவில் விநியோகித்து வந்தது விப்ரோ. ஒருவர் ஊழியரை மற்றவர் இழுக்கக்கூடாது, உறவு முடிந்து இரண்டு வருடம் வரைக்கும், என்று இருவருக்கும் ஒப்பந்தம். நேரடியாகக் கடை விரிக்க முடிவு செய்த பெக்மன், தன் கருவிகளில் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று விளம்பரம் கொடுத்தது. 2006இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது: இந்த நிபந்தனை செல்லும், ஏனென்றால் இது கட்டுவது கம்பெனியை, ஊழியரை அல்ல. விளம்பரம் ஆள் இழுப்பதுதான், இனி அப்படிச் செய்யக்கூடாது. ஆனால் போய்ச் சேர்ந்த ஊழியரைத் தடுக்க முடியாது.

நீதிமன்றத்தில் ஊழியர் ஜெயித்த மாதிரித்தான் தெரியும். நடைமுறையில் என்ன ஆகும்? கேஸுக்கும் நஷ்டஈட்டுக்கும் பயந்து கிளையன்ட் பின்வாங்கிவிடும். "இப்போ வேண்டாம்" என்று ஒரு மெயில், அவ்வளவுதான். தான் பார்க்காத, கையெழுத்துப் போடாத ஒரு வரி அவன் வாழ்க்கையை முடிவு செய்துவிடுகிறது.

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கு. ஆளைத் தேடி, பழக்கி, வேலை இல்லாத மாதங்களிலும் சம்பளம் கொடுத்தவர்கள் அவர்கள். அதற்கு ஒரு தொகையைக் கிளையன்டிடம் கேட்கட்டும், தப்பில்லை. செலவுக்கு விலை வைக்கலாம். மனுஷனுக்குப் பூட்டு போடக்கூடாது. அதுவும் அவனுக்கே தெரியாத பூட்டை.

போகிறவனுக்கும் கடன் உண்டு. நோட்டீஸ் காலத்தை முடிக்கணும். சம்பளம் வாங்கிக்கொண்டே கிளையன்டைத் தன் பக்கம் இழுக்கக்கூடாது. கையில் ஏறின வித்தை உன்னுது. லேப்டாப்பில் ஏறின கோடும் விலைப்பட்டியலும் உன்னுது இல்லை. பல வழக்குகளில் ஆட்கள் மாட்டுவது இங்கேதான்.

என்னைக் கேட்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்க பேப்பரை மட்டும் படிச்சுட்டு நிம்மதி ஆகிடாதீங்க. வேலையை விடுமுன், "உங்களுக்கும் எங்க கம்பெனிக்கும் நடுவுல என்ன எழுதியிருக்கு?" என்று கிளையன்டிடம் கேளுங்க. எழுத்தில் பதில் வந்தபிறகு ராஜினாமா கொடுங்க. கம்பெனிகளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த வரியை, சேர்கிற அன்னிக்கே அந்தப் பிள்ளையின் கண்ணில் காட்டுங்கள்.