வரிசையைத் தாண்டச் சொன்ன ஆணை

போர்க்கைதியிடம் எதிரி வந்து, நீ மட்டும் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னால் அவன் என்ன செய்ய வேண்டும்? உடனிருப்பவர்கள் உள்ளே கிடக்கும்போது அவன் மட்டும் வாசலைத் தாண்டலாமா? வியட்நாம் போர்க்காலத்து ஹனோய்ச் சிறைகளில் பலரும் இந்தக் கேள்விக்கு உடம்பால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் மறுத்து அடிபட்டார்கள். சிலர் ஏற்றுக்கொண்டு போனார்கள். இந்த இரண்டு வகையிலும் அடங்காதவர் டக்ளஸ் ஹெக்டால்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள கிளார்க் என்ற சிற்றூர்க்காரர் அவர். கடற்படையின் கடைநிலை மாலுமியாக ‘கான்பெரா’ போர்க்கப்பலில் இருந்தார். 1967 ஏப்ரலில், டோங்கின் வளைகுடாவில், இரவு நேரத்தில் மேல்தளத்திலிருந்து தவறிக் கடலில் விழுந்தார். அப்போது அவருக்கு வயது 20. அவர் விழுந்தது யாருக்கும் தெரியவில்லை, கப்பல் போய்விட்டது. பல மணி நேரம் தண்ணீரில் தத்தளித்தவரைக் காப்பாற்றிப் படகில் ஏற்றியவர்கள் வடவியட்நாம் மீனவர்கள். அமெரிக்கக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த கரையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். இந்தக் கதையில் அறம் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த மீனவர்களைத் தாண்டிப் போய்விடுவது நியாயமல்ல. அவர்கள் கைநீட்டியிராவிட்டால் பின்னால் வந்த எந்தக் கேள்விக்கும் இடமே இருந்திருக்காது.

கப்பலிலிருந்து தவறி விழுந்தேன் என்று ஒருவன் சொன்னால் யார் நம்புவார்கள்? முதலில் உளவாளி என்று சந்தேகப்பட்டார்கள். பிறகு, இவன் ஒன்றும் தெரியாத நாட்டுப்புறத்துப் பையன் என்று முடிவு கட்டினார்கள். அந்த முடிவே தமக்குக் கவசம் என்பதை ஹெக்டால் புரிந்துகொண்டார். போரைக் கண்டித்து எழுதித் தரச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது என்றார். எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வைத்தார்கள். எவ்வளவு சொல்லியும் ஏறாதவர்போல நடித்தார். கடைசியில் அவரைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டார்கள். துடைப்பத்தைக் கையில் கொடுத்து முற்றம் பெருக்க அனுப்பினார்கள். மற்ற கைதிகள் சுவரைத் தட்டித் தட்டி எழுத்து எழுத்தாகப் பேசிக்கொண்டிருந்த இடத்தில், இவர் துடைப்பத்தோடு நடமாடினார். குழந்தைகள் பாடும் பண்ணைப் பாட்டு ஒன்றின் மெட்டில் சக கைதிகளின் பெயர்களை மனத்தில் அடுக்கினார். அப்படிச் சேர்ந்தவை சுமார் 256 பெயர்கள். யார், எப்போது, எப்படிப் பிடிபட்டார் என்ற விவரங்களும் அவற்றோடு சேர்ந்தன.

1968 முதல் வடவியட்நாம் அரசு அவ்வப்போது மூன்று மூன்று பேராகக் கைதிகளை விடுவித்து, அமெரிக்காவிலிருந்து வந்த போர் எதிர்ப்புக் குழுவினரிடம் ஒப்படைத்தது. கைதிகளோ தமக்குள் ஒரு முறை வகுத்திருந்தார்கள். நோயாளிகளும் காயம்பட்டவர்களும் முதலில் போகலாம். மற்றவர்கள் பிடிபட்ட வரிசைப்படிதான் போக வேண்டும். அந்த வரிசையின் தலையில் இருந்தவர் 1964 ஆகஸ்டில் பிடிபட்ட விமானி எவரெட் ஆல்வரஸ். 1955இல் அமெரிக்கா வெளியிட்ட படைவீரர் நடத்தை நெறியும் எதிரியிடமிருந்து தனிச்சலுகை எதையும் ஏற்கக் கூடாது என்றே சொன்னது.

இந்த முறையை வெறும் பட்டாளத்துப் பிடிவாதம் என்று ஒதுக்க முடியாது. விடுதலையை ஒருவருக்கு மட்டும் நீட்டும்போது, சிறைக்காரன் மற்ற எல்லோரிடமும் ஒரு விலை பேசத் தொடங்குகிறான். நாளைக்கு யார் பெயர் வரும், யார் என்ன சொல்லி அதை வாங்கினார் என்ற எண்ணம் ஒவ்வொரு அறைக்குள்ளும் நுழைகிறது. ஒருவர் சுவரைத் தட்டினால் மற்றவர் பதில் தட்டத் தயங்குவார். காயத்தோடு தனியறையில் கிடப்பவனுக்கு இருந்த ஒரே துணையும் அதோடு போய்விடும். வரிசை காப்பாற்றியது பலசாலிகளை அல்ல. பேரம் பேச எதுவும் கையில் இல்லாதவனுக்கும் தன் முறை வரும் என்ற உறுதியை அதுதான் தந்தது. கைதியாயிருந்த விமானி ஜான் மெக்கெய்னின் தந்தை அமெரிக்கப் பசிபிக் படைகளின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றிருந்த 1968இல் மகனுக்கு விடுதலை தருவதாகச் சொன்னார்கள். பிடிபட்டபோதே கைகளும் காலும் முறிந்திருந்த அவர் அதை மறுத்தார். அதற்காகக் கொடிய அடி வாங்கினார். 1973 வரை உள்ளே இருந்தார். தளபதியின் மகன் முன்னால் போயிருந்தால், ஆளற்றவர்களின் மகன்கள் என்ன நினைத்திருப்பார்கள்? மறுப்பின் நியாயம் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

அப்படியானால் ஹெக்டால் 1969 ஆகஸ்டில் வெளியே போனது எப்படிச் சரியாகும்?

அவர் போக விரும்பவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். உடனிருந்த மேலதிகாரி ரிச்சர்ட் ஸ்ட்ராட்டன்தான், போகும்படி ஆணையிட்டார். அமெரிக்க அரசுக்குப் பல கைதிகள் உயிரோடு இருப்பதே தெரியாது. பெயர் தெரியாத கைதி செத்தால் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். பெயர் வெளியே போய்விட்டால், அவனைக் காணாமல் ஆக்குவது கடினம். அந்தப் பெயர்களையெல்லாம் சுமந்திருந்த தலை ஹெக்டாலுடையது. சிறைக்காரர்கள் மூடன் என்று நம்பி வெளியே விடத் துணிந்ததும் அவரைத்தான்.

வெறும் பயனை வைத்து இதை நியாயப்படுத்த முடியாது. செய்தி கொண்டுபோவேன் என்று வாசலில் நிற்கும் எவரும் சொல்லிவிடலாம். தன் விடுதலைக்குத் தானே காரணம் கண்டுபிடிக்கும் மனத்துக்கு நல்ல காரணங்கள் தட்டுப்படாமல் போவதில்லை. அதனால்தான் அந்தக் காரணத்தை எடைபோடும் வேலை, போகிறவன் கையில் இருக்கக் கூடாது. ஹெக்டாலின் விஷயத்தில் அது அவர் கையில் இல்லை. உள்ளேயே தங்கப் போகிறவரே, நீ போ என்றார். விதியைத் தளர்த்தியவருக்கு அதனால் கிடைக்கப்போவது எதுவுமில்லை. அவர் அறையின் பூட்டு பூட்டியபடியே இருக்கும்.

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு, அது வலுவானது. ஸ்ட்ராட்டனுக்குத் தம் முறையை விட்டுக்கொடுக்க உரிமை உண்டு. ஆல்வரஸின் முறையை விட்டுக்கொடுக்க அவர் யார்? வரிசையில் முன்னால் இருந்த எத்தனையோ பேரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வழியும் இல்லை. சிறைக்குள்ளும் படைப்பிரிவின் கட்டளை முறை தொடர்ந்தது, மூத்தவர் சொல்லுக்கு அதிகாரம் இருந்தது என்று பதில் சொல்லலாம். கேட்கப்படாதவர்களின் பெயர்களைத்தான் ஹெக்டால் சுமந்துபோனார், பயன் அவர்களுக்கே என்றும் சொல்லலாம். இரண்டும் நல்ல பதில்கள். ஆனாலும் கடனை முழுதாகத் தீர்ப்பவை அல்ல. ஒருவரின் நன்மைக்காக அவரைக் கேளாமல் செய்வதில் எப்போதும் ஒரு பாக்கி நிற்கும். ஹெக்டாலின் தயக்கமே அந்தப் பாக்கியை அவர் உணர்ந்திருந்தார் என்பதைக் காட்டுகிறது. தயங்காமல் போயிருந்தால், அதே செயல் வேறொன்றாக இருந்திருக்கும்.

போர் முடியுமுன் இப்படி வெளியேறியவர்கள் மொத்தம் 12 பேர். ஆணை இல்லாமல் போனவர்களை என்னவென்று சொல்வது? அவர்கள் செய்தது சரி என்று சொல்ல இயலாது. வரிசையின் நியாயத்தை ஒப்புக்கொண்ட பிறகு அந்தத் தீர்ப்பிலிருந்து நழுவ வழியில்லை. ஆனால் ஒரு செயல் தவறு என்று சொல்வது வேறு. செய்தவரைத் தண்டிக்கத் துடிப்பது வேறு. 1973இல் கைதிகள் திரும்பிவந்த சில மாதங்களில், சிறையில் போரை எதிர்த்துப் பேசிய எட்டுப் படைவீரர்கள்மீது மூத்த அதிகாரி ஒருவர் குற்றச்சாட்டுப் பதிவு செய்தார். அந்த எட்டுப் பேரில் ஒருவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். அதன்பின் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. பட்டினியையும் சங்கிலியையும் தாண்டி வந்த ஒருவர் ஊர் திரும்பிய பிறகு செத்தார் என்பதை, தீர்ப்பெழுத உட்காரும் யாரும் மறக்கக் கூடாது.

அமெரிக்க அரசும் பிறகு தன் படைவீரர் நடத்தை நெறியைத் திருத்தியது. பெயர், பதவி, எண், பிறந்த தேதி ஆகியவற்றைத் தவிர எதையும் சொல்லக் கூடாது என்ற கட்டு 1977இல் தளர்ந்தது. சித்திரவதையில் ஏறக்குறைய எவரும் ஏதோ ஒரு கட்டத்தில் வாய் திறந்துவிடுவார் என்பதைத் திரும்பிவந்தவர்களே சாட்சியாக நின்று சொன்னார்கள். ஆனால் தனிச்சலுகை ஏற்பதில்லை என்ற விதியை அப்போது யாரும் தொடவில்லை. இந்த வேறுபாடு ஆழமாகச் சிந்தித்துச் செய்யப்பட்டதாகவே படுகிறது. வலி பிடுங்கி எடுத்ததற்கு மனிதனைப் பொறுப்பாக்க முடியாது. சலுகையை ஏற்பது மற்றவர்களின் முறையிலிருந்து எடுத்துக்கொள்வது. அதற்கு உடல் நோவு முழு விளக்கமாகாது.

வெளியே வந்த ஹெக்டால் மனத்தில் இருந்த பெயர்களை ஒப்பித்தார். பல குடும்பங்களுக்குத் தம் பிள்ளை உயிரோடு இருக்கும் செய்தி அப்படித்தான் வந்தது. சிறைகளில் நடந்த சித்திரவதையைப் பற்றி அவரும் உடன் விடுதலையான ஒருவரும் பொதுமேடையில் பேசினார்கள். 1969இன் இறுதியிலிருந்து கைதிகளை நடத்திய விதம் ஓரளவு மாறியது. அந்த ஆண்டு செப்டம்பரில் வடவியட்நாம் தலைவர் ஹோ சி மின் இறந்திருந்தார். கைதிகளின் மனைவியரும் வாய்மூடி இருக்க மறுத்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாற்றத்தில் ஹெக்டாலின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடியாது, பிரிக்கவும் தேவையில்லை. 1970இல் அவர் பாரிஸுக்குப் போய், சமாதானப் பேச்சுக்கு வந்திருந்த வடவியட்நாம் தரப்பினரிடமே கைதிகளைப் பற்றிக் கேட்டார். பின்னர், பிடிபட்டால் தாக்குப்பிடிப்பது எப்படி என்று படைவீரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

ஆணையிட்ட ஸ்ட்ராட்டனின் முறை 1973 மார்ச்சில் வந்தது. ஹெக்டாலை அனுப்பிவிட்டு அவர் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தார். ஆல்வரஸ் அதற்குச் சில வாரங்கள் முன்பு, பிடிபட்டு எட்டரை ஆண்டுகள் கழித்து, முதல் விமானத்தில் வெளியே வந்திருந்தார்.