குட்டை மீனும் கூலிக்காரன் பாவமும்

குற்றாலத்தில் அருவியாடிவிட்டுக் கடையம் வழியாகப் பாபநாசம் செல்லும் யாத்திரிகர்கள், அங்கே கோயிலுக்கு எதிரே தாமிரபரணிப் படித்துறையில் நின்று மீன்களுக்குப் பொரி தூவி, அதைப் புண்ணியமென்று கருதி மனநிறைவோடு திரும்புவதும், அவர்களிற் சிலர் அன்று பகலிலேயே ஏதோ ஓர் ஓட்டலில் மீன் குழம்பு கேட்டு அமர்வதும் நாம் அறிந்தவையே. இதில் கபடம் ஏதுமில்லை. ஆற்று மீன் சுவாமியுடையது, இலையில் விழுந்தது கடைக்காரனுடையது என்று மனம் சிரமமின்றிப் பிரித்துக்கொள்கிறது. அப்படிப் பிரித்துக்கொள்ள வழியில்லாதவன், பண்ணைக்குட்டையில் தீனி போட்டு வளர்த்த மீனை நாள் குறித்து வலையிட்டு இழுக்கும் கூலிக்காரன்.

பிரதம மந்திரியின் மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020-இல் வந்தபின், புதுக் குட்டை வெட்டுவோருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியலினத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் 60 சதவீதமும் மானியம் கிடைப்பதால், இத்தொழிலின் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அதன் தர்மத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு, தவிடும் கடலைப்புண்ணாக்கும் தினந்தோறும் ஒரே இடத்தில் போட்டு வந்தால், சில வாரங்களில் அவை அந்த ஆளின் காலடி கேட்டே கரையோரம் கூடிவிடும். பிடிப்புக்கு முந்திய நாள் தீனி நிறுத்தப்படும். வயிறு காலியாக இருந்தால்தான் மீன் வழியில் கெடாது. மறுநாள் விடியுமுன், நீரைக் குறைத்து, இடுப்பளவுச் சேற்றுநீரில் இருபுறமும் ஆள் நின்று இழுவலையை நெருக்க நெருக்க, கட்லாக்கள் எகிறி அதே ஆளின் மார்பில் அறையும். கடலில் வலை வீசுகிறவன் அறிமுகமில்லாத உயிரைப் பிடிக்கிறான்; இவன் தன்னை நம்பி வந்த உயிரைப் பிடிக்கிறான்.

நாகப்பட்டினத்து அதிபத்தர், நாள்தோறும் தம் வலையில் அகப்பட்ட ஒரு மீனைச் சிவார்ப்பணமாகக் கடலில் விட்டு, அறுபத்துமூவரில் ஒருவராக உயர்ந்தார். கொலைத் தொழிலிலும் பக்திக்கு இடமுண்டு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்த ஆறுதல் குட்டைக்காரனுக்கு எட்டாது. அவன் திருப்பி விட்ட மீன் அடுத்த பிடிப்பில் வலைக்குள் வந்துவிடும். மகாபாரதத்து வன பர்வத்தில், மிதிலையின் இறைச்சிக் கடையில் அமர்ந்து கௌசிகன் என்னும் பிராமணனுக்கு உபதேசித்த தர்மவியாதன், உழவனுடைய கலப்பையும் எண்ணற்ற பிராணிகளைக் கொல்லுகிறதென்று சொல்லித் தன் குலத்தொழிலை நியாயப்படுத்துகிறான். எனினும், தான் கொல்வதில்லை, பிறர் கொன்றதையே விற்கிறேன் என்றும் சொல்லிக்கொள்கிறான். ஞானியும் ஓரடி விலகி நிற்க விரும்பினான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அந்த ஓரடி கூலிக்காரனுக்கு இல்லை.

புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் தர்க்கமே இவ்விஷயத்தில் நேரானதென்பது என் அபிப்பிராயம்: தின்பதற்கென்று உலகம் கேளாதாயின், விலைக்குத் தருவாரும் இரார். கொலையின் பாவம் முதலில் உண்பவனைச் சேர்ந்தது. நாட்கூலிக்கு வலை இழுத்தவன் தலையில் அதை முழுதும் சுமத்துவது, சுத்தமான கைகளை உடையவர்களின் சௌகரியம். அவன் பொறுப்பாக மிஞ்சுவது ஒன்றே, அந்த மரணம் எத்தகையது என்பது. 2003-இல் லின் ஸ்னெடன் முதலிய பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள், டிரவுட் மீனின் உதட்டில் அமிலத்தைச் செலுத்தியபோது அது உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்து, வெகுநேரம் இரையெடாதிருந்ததைக் கண்டனர். மீனுக்கு வலியில்லையென்ற பழைய சமாதானம் அதன்பின் எளிதில் நிற்பதில்லை. தலையில் ஓங்கிய ஒரே அடி மீனின் உணர்வை உடனே போக்கிவிடும். கூடையிலும் ஐஸிலும் போட்டாலோ கெண்டை இனங்கள் வெகுநேரம் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

அந்த ஓரடியை அடிக்கக் கூலிக்காரன் மனம் வைத்தாலும், கரையிலே காத்திருப்பவர் விடுவதில்லை. உயிர் மீனுக்குத்தான் விலை, துடிப்பதே புதுமைக்கு அத்தாட்சி. பொரி தூவிய கைகளும் தராசின் முன் அதைத்தான் கேட்கின்றன. மீன் தின்பதை விடச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. ஆனால் துடிக்கும் மீனைக் கேட்காதீர்கள். செவுள் சிவந்து கண் தெளிந்திருந்தால் அது புதிய மீன்தான், அதற்கே உரிய விலையைக் கொடுங்கள்.